டேப் பத்தவில்லை: ராயப்பேட்டை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

ராயப்பேட்டை வட்டாரப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கு,



இந்த ஆண்டும் பிள்ளைகளை எங்காவது அழைத்துப் போவீர்கள். பெரும்பாலும் வண்டலூர், இல்லையென்றால் மாமல்லபுரம், வசதியுள்ள பள்ளி என்றால் ஏதாவது ஒரு தீம் பார்க். இந்த முறை ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலைப் பக்கம் இருக்கும் ரயில் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். இன்னொரு வேண்டுகோளும் உண்டு. பி.டி. சாரையும் ஏதோ ஒரு மிஸ்ஸையும் மட்டும் காவலுக்கு அனுப்பிவிடாதீர்கள். கணக்கு, அறிவியல், சமூக அறிவியல், தமிழ் எடுப்பவர்கள் நான்கு பேரும் சேர்ந்து வாருங்கள்.

நான் ஆசிரியர் இல்லை. ஏழாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணின் அம்மா. ஜெனரல் பேட்டர்ஸ் சாலை உதிரிபாகக் கடைகளின் சத்தத்துக்கு நடுவே குடியிருப்பவள். உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றுமில்லை, கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

அந்த அருங்காட்சியகம் 2002-ல் திறக்கப்பட்டது. ஐ.சி.எஃப். தொழிற்சாலை அதற்கு வெகுமுன்பே, 1955 அக்டோபர் 2 அன்று நேரு தொடங்கிவைத்தது. சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்ப உதவியோடு முழு இரும்புப் பெட்டிகள் கட்ட ஆரம்பித்த இடம் அது. 2018-ல் வந்தே பாரத் ரயிலின் முதல் தொடர் வெளிவந்ததும் அங்கிருந்துதான். மரத்தடிகளில் பழைய நீராவி எஞ்சின்களும் பெட்டிகளும் நிற்கின்றன. ஊட்டி மலை ரயில் இருக்கிறது. குழந்தைகள் உட்கார்ந்து சுற்றிவர ஒரு பொம்மை ரயிலும் ஓடுகிறது. எழும்பூர், புரசைவாக்கம், அயனாவரம் வழியாகப் போனால் நம் பேட்டையிலிருந்து அப்படியொன்றும் தூரமில்லை.

ஒரு சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். என் தையல் மெஷின் டிராயரில் கிடந்த டேப்பை எதற்கோ பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். எல்லா எஞ்சினையும் சுற்றிவந்து, எல்லாவற்றின் முன்னாலும் நின்று போட்டோ எடுத்து முடித்த பிறகு, ஒரு பெட்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். ஒரு தண்டவாளத்தின் உள்விளிம்பில் டேப்பின் நுனியை என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மறுமுனையை இழுத்தாள். “கரெக்டா ஒரு மீட்டர்மா!” என்றாள். அடுத்த வண்டிக்குப் போனோம். அங்கே அதே டேப்பை இழுத்தவள், “அம்மா, டேப் பத்தல” என்றாள். தையல் டேப் 150 சென்டிமீட்டர். அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர்.

அன்று அந்த இடத்தை விட்டு அவள் நகர நெடுநேரம் ஆயிற்று. ஒன்று ஏன் சரியாக ஒரு மீட்டர்? இன்னொன்று ஏன் இப்படி எதிலும் சேராத ஓர் எண்? அந்த இரண்டாவதை அடிக்கு மாற்றிப் பாருங்கள். ஐந்தரை அடி. பிரிட்டிஷ்காரன் அடியில் யோசித்தபோது போட்ட பாதை அது. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் ரயில் போனது அந்த அகலத்தில்தான். பிறகு 1870-களில் செலவைக் குறைக்க குறுகலான பாதை வேண்டும் என்று முடிவானது. இந்தியாவில் மெட்ரிக் அளவுகள் வரப்போகின்றன என்ற பேச்சு அப்போது பலமாக இருந்ததால் அகலம் ஒரு மீட்டர் என்று வைத்தார்கள். மெட்ரிக் வரவில்லை, ஆனால் தண்டவாளம் வந்துவிட்டது. நயா பைசா 1957 ஏப்ரல் 1-ல்தான் வந்தது. படி, வீசை, கெஜம் எல்லாம் அதையொட்டித்தான் ஒவ்வொன்றாகக் கழன்றன. கடையில் கெஜக்கோலில் துணி அளந்துகொண்டிருந்த நாட்டில் ரயில் மட்டும் முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக மீட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. இதைக் கணக்குப் பாடம் என்பீர்களா, வரலாறு என்பீர்களா?

அதோடு அது முடியவும் இல்லை. நம் ஊரில் சென்ட்ரல் என்று ஒன்று, எழும்பூர் என்று ஒன்று, நடந்துபோகும் தூரத்தில் இரண்டு பெரிய ஸ்டேஷன்கள் எதற்கு என்று எந்தப் பிள்ளைக்கும் ஒரு நாள் தோன்றியே தீரும். எழும்பூர் தென்னிந்திய ரயில்வே கம்பெனியுடையது. 1908-ல் திறந்தது, மீட்டர் பாதை. சென்ட்ரல் 1873-லிருந்து மதராஸ் ரயில்வேயின் அகலப்பாதைக்கு. கம்பெனி வேறு, பாதையின் அகலமும் வேறு. அந்த வண்டி இந்தப் பாதையில் ஏறாது. பம்பாய் மெயிலில் வந்து இறங்கியவர் மதுரைக்குப் போக வேண்டுமானால் மூட்டை முடிச்சோடு ரிக்‌ஷா பிடித்துத்தான் ஆக வேண்டும். தென்னிந்திய ரயில்வேயையும், மதராஸ் ரயில்வேயின் வாரிசாக வந்த ரயில்வேயையும் மைசூர் ரயில்வேயோடு சேர்த்து 1951-ல் தெற்கு ரயில்வே ஆக்கினார்கள். நிர்வாகத்தை இணைத்தாலும் தண்டவாளத்தின் அகலம் அப்படியேதான் இருந்தது. 1931-லிருந்து மின்சாரத்தில் ஓடிய பீச் – தாம்பரம் ரயில்கூட 2004 வரை மீட்டர் பாதையில் போனதுதான். உங்களில் பலர் அதில் தொங்கிக்கொண்டே கல்லூரிக்குப் போயிருப்பீர்கள்.

ஒரு தையல் டேப் இவ்வளவையும் கிளறிவிட்டது. இதில் எதுவும் அவளுக்கு அங்கே ஒரே மூச்சில் தெரிந்துவிடவில்லை. கேள்விதான் அங்கே பிறந்தது. பதில்களுக்கு வீட்டில் தாத்தாவையும், நூலகத்தையும், என் செல்போனையும் பல நாள் குடைந்தாள். பள்ளியிலும் கேட்டாளாம். “அது நம்ம போர்ஷன்ல இல்லம்மா” என்று பதில் வந்ததாம். எந்தப் பள்ளி, எந்த மிஸ் என்பதெல்லாம் வேண்டாம். எந்தப் பள்ளியிலும் வந்திருக்கக்கூடிய பதில்தான் அது.

அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஏழாம் வகுப்பில் ‘விசையும் இயக்கமும்’ இருக்கிறது, வெப்பம், வெப்பநிலை பற்றிய பாடமும் இருக்கிறது. நீராவி எஞ்சினைக் காட்டியதும் எல்லோரும் வெப்பத்துக்குத்தான் போவார்கள். தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,600 மடங்கு இடம் கேட்கும், அந்த நெருக்கடிதான் பிஸ்டனைத் தள்ளுகிறது, குக்கரில் வெயிட் தூக்குவதும் அதனால்தான் என்று சொன்னால் பிள்ளைகள் தலையாட்டிவிடுவார்கள். அது சரிதான், சொல்லத்தான் வேண்டும். ஆனால் என்னைக் கேட்டால், பாய்லரை விட்டுவிட்டுச் சக்கரத்தைக் காட்டுங்கள் என்பேன். அதைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

ரயில் சக்கரம் தண்டவாளத்தில் உட்காரும் பரப்பு தட்டை இல்லை. உள்பக்கம் கொஞ்சம் பெரிசு, வெளிப்பக்கம் கொஞ்சம் சிறிசு. இருபதுக்கு ஒன்று என்கிற சரிவு. கையால் தடவிப் பார்த்தால் பிடிபடும். இரண்டு சக்கரமும் ஒரே அச்சில் இறுக்கமாகப் பூட்டப்பட்டவை, தனித்தனியாகச் சுற்றாது. அப்படியானால் வளைவில் என்ன ஆகும்? வெளித் தண்டவாளம் நீளம் அதிகம், உள் தண்டவாளம் குறைவு. இரண்டு பிள்ளைகளை ஒரு நீளக் கழியின் இரு முனைகளைப் பிடிக்கச் சொல்லி, விளையாட்டு மைதானத்தின் மூலையில் கால் வட்டம் திரும்பச் சொல்லுங்கள். வெளியில் இருப்பவன் ஓட வேண்டியிருக்கும். அகலப்பாதையில் வண்டி கால் வட்டம் திரும்பினால் வெளிச்சக்கரம் இரண்டரை மீட்டருக்கும் மேலே கூடுதலாக ஓட வேண்டும். வளைவு பெரிதானாலும் சிறிதானாலும் இந்தக் கூடுதல் மாறாது. கணக்கு ஆசிரியர் 2πr-ஐ வைத்து இதைக் கரும்பலகையில் நிரூபித்துக் காட்டினால் பின் பெஞ்சும் எழுந்து நிற்கும்.

அந்தக் கூடுதலை ரயில் எப்படிச் சமாளிக்கிறது? வளைவில் அச்சு மொத்தமும் லேசாக வெளிப்பக்கம் நகர்கிறது. அப்போது வெளிச்சக்கரம் தன் பெரிய சுற்றளவிலும் உள்சக்கரம் தன் சிறிய சுற்றளவிலும் உருளுகின்றன. சரிவு இருப்பதால் கணக்கு தானே நேராகிவிடுகிறது. வண்டியைத் தண்டவாளத்தில் பிடித்துவைப்பது சக்கரத்தின் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு என்றுதான் நானும் எண்ணியிருந்தேன், விளிம்பு அவசரத்துக்கு மட்டும்தானாம். வகுப்பிலேயே செய்து பார்க்கலாம். டீக்கடை பேப்பர் கப் இரண்டை வாயோடு வாய் வைத்து ஒட்டுங்கள். இரண்டு நீளக் குச்சிகளைத் தண்டவாளம் போல் இணையாக, சற்றுச் சாய்வாக வைத்து மேலேயிருந்து உருட்டிவிடுங்கள். கோணலாக விட்டாலும் கொஞ்சம் இப்படியும் அப்படியும் ஆடி நடுவுக்கு வந்து இறங்கும். இப்போது கப்புகளின் அடிப்பாகங்களைச் சேர்த்து ஒட்டி உருட்டுங்கள். பாதி வழியில் விழுந்துவிடும். என் மகள் இதை எங்கள் மாடிப்படிக் கைப்பிடியில் வைத்துச் செய்து, அடுக்ககத்தின் மற்ற பிள்ளைகளையெல்லாம் சேர்த்துவிட்டாள். கீழ் வீட்டு மாமி கப் வாங்கக் காசு கொடுத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கார், ஆட்டோவெல்லாம் இதே சிக்கலை வேறு மாதிரி தீர்க்கின்றன. அவற்றில் இரு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் இருக்கிறது. புதுப்பேட்டையில் எந்தக் கடை வாசலிலும் கூடு திறந்த டிஃபரன்ஷியல் ஒன்று கிரீஸ் வழியக் கிடக்கும். மெக்கானிக்கிடம் மரியாதையாகக் கேட்டால் கையால் சுற்றியே காட்டுவார். அருங்காட்சியகத்தில் தொடங்கிய பாடத்தை நம் பேட்டையின் சுற்றுப்புறத்திலேயே முடித்துவிடலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஊட்டி ரயிலையும் சும்மா கடந்துவிடாதீர்கள். கல்லாறு தாண்டியதும் ஏற்றம் ஏறத்தாழ 12 அடிக்கு 1 அடி. வழவழப்பான இரும்புச் சக்கரம் அந்த ஏற்றத்தில் வழுக்கும். அதனால் நடுவில் பற்கள் வெட்டிய தண்டவாளம், அதைக் கடித்துக்கொண்டு ஏற எஞ்சினின் அடியில் பற்சக்கரம். எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரிலிருந்து வந்தவை. பிற்பாடு அதே வகையைத் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புதிதாகக் கட்டினார்கள். மலைநாட்டுக்காரன் மலை ரயில் செய்தான் என்பதில் ஒரு புவியியல் பாடம் இருக்கிறது. மேட்டுப்பாளையம் – குன்னூர் பாதை 1899-ல் திறந்ததற்கும் ஆங்கிலேயர் கோடையில் ஊட்டிக்கு ஓடியதற்கும் தேயிலைக்கும் என்ன தொடர்பு என்பதில் இன்னொன்று.

தமிழாசிரியர்களை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். பழைய பாதையில் ரயில் ஏன் ‘தடக் தடக்’ என்று இரட்டை இரட்டையாகச் சத்தம் போட்டது? தண்டவாளத் துண்டுகளுக்கு நடுவே இடைவெளி, பெட்டியின் ஒவ்வொரு முனையிலும் இரண்டிரண்டு அச்சு. ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளியில் விழுந்து எழும் சத்தம் அது. இரட்டைக்கிளவி நடத்தும் அன்று இதைச் சொல்லலாம். அகலப்பாதையில் ஒரு துண்டு 13 மீட்டர். 47 விநாடியில் எத்தனை ‘தடக் தடக்’ கேட்கிறதோ, ஏறக்குறைய அத்தனை கிலோமீட்டர் வேகம் மணிக்கு. அந்த 47 எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். இப்போது தண்டவாளங்களைப் பற்றவைத்துவிட்டதால் சத்தம் போய்விட்டது. தாத்தா பாட்டிகளைத்தான் கேட்க வேண்டும்.

கடிதம் எழுதும் பயிற்சிக்கும் ரயில்வேயில் ஓர் அருமையான சரக்கு இருக்கிறது. 1909-ல் ஒகில் சந்திர சென் என்ற பயணி, ஒரு ஸ்டேஷனில் ஒதுங்கப் போன நேரத்தில் கார்டு ரயிலை விட்டுவிட்டதால் பட்ட அவமானத்தை, பிழை மலிந்த ஆங்கிலத்தில் ரயில்வே அலுவலகத்துக்கு எழுதினார். சாதாரண வகுப்புப் பெட்டிகளில் கழிப்பறை வர அந்தக் கடிதம் ஒரு காரணம் என்பார்கள். டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். இலக்கணப் பிழை இருந்தும் காரியம் சாதித்த கடிதம் என்று வகுப்பில் சொல்ல உங்களுக்குத் தைரியம் உண்டா என்று தெரியவில்லை!

இனி எனக்கு உறுத்தலாக இருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். எந்த ரயில் அருங்காட்சியகத்திலும் இரும்புதான் முன்னால் நிற்கும். அந்த இரும்பை அடித்தவர், கரி வாரிப் போட்ட ஃபயர்மேன், பாயிண்ட் மாற்றியவர், பாதை போட்ட கலாசி எல்லாம் பின்னால் எங்கோ ஒரு பழுப்புப் போட்டோவில் இருந்தால் உண்டு. “இதையெல்லாம் ஓட்டினவங்க பேரு எங்கம்மா?” என்று மகள் கேட்டபோது என்னிடம் பதிலில்லை. அதைச் சொல்ல வேண்டியவர்கள் சமூக அறிவியல் ஆசிரியர்கள். நாகப்பட்டினம் பணிமனையைப் பொன்மலைக்கு மாற்றி ஆட்குறைப்பு செய்யப் போனபோது 1928-ல் தென்னிந்திய ரயில்வேத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் அதற்காகச் சிறை போனார். ரயில்வே உணவகங்களில் பிராமணருக்கு ஒன்று, மற்றவருக்கு ஒன்று என்று இடம் பிரித்து வைத்திருந்த பலகைகள் 1941-ல்தான் இறங்கின, அதுவும் பெரியார் விடாமல் எதிர்த்த பிறகு. பளபளப்பாகத் துடைத்து நிறுத்தியிருக்கும் பெட்டியைப் பார்க்கும் பிள்ளைக்கு இதுவும் தெரிய வேண்டாமா?

இங்கே ராயப்பேட்டைக்கு ஒரு தனி உரிமை இருக்கிறது. அருங்காட்சியகத்துக்குப் போகும் வழியில் பெரம்பூர்ப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றினால் பின்னி ஆலை இருந்த இடம். பக்கிங்ஹாம், கர்நாடிக் என்று இரண்டு பஞ்சாலைகள், ஆயிரக்கணக்கில் ஆட்கள். 1918 ஏப்ரல் 27-ல் அங்கேதான் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. முறையாக அமைந்த முதல் இந்தியத் தொழிற்சங்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். ஆரம்பக் குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குக் கொடுத்த அரை மணி நேரம் போதவில்லை என்பது. பெல் அடித்ததும் டிபன் பாக்ஸைப் பாதியில் மூடும் பிள்ளைக்கு இதற்கு மேல் விளக்கம் எதுவும் தேவைப்படாது. பி.பி. வாடியாவோடு அந்தச் சங்கத்தை நடத்தியவர் திரு.வி.க. அவர் நம் ராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் படித்தவர், பிறகு வெஸ்லியிலேயே தமிழாசிரியர். அந்த வேலையை விட்டுவிட்டுத்தான் 1917-ல் ‘தேசபக்தன்’ நாளிதழின் ஆசிரியரானார். அவர் நூல்களை அச்சடித்த சாது அச்சுக்கூடமும் ராயப்பேட்டைதான். உங்களில் ஒருவராக இருந்த மனிதர், சாயங்காலம் பெரம்பூருக்குப் போய் ஆலைத் தொழிலாளர்கள் நடுவே தமிழில் பேசியிருக்கிறார்.

பின்னி ஆலைக்கு அருங்காட்சியகம் கிடையாது. மூடிய பிறகு அது சினிமாவில் வில்லன் அடி வாங்கும் கிடங்காகத்தான் பலருக்கும் அறிமுகம். கொல்கத்தாவில் 1959-லும் பெங்களூரில் 1962-லும் தொழில், தொழில்நுட்பத்துக்கென்றே தனி அருங்காட்சியகம் எழுப்பிவிட்டார்கள். பஞ்சாலை, தோல், அச்சு, ரயில், மோட்டார் என்று இத்தனை தொழில் செய்த சென்னைக்கு அப்படி ஒன்று இல்லை. அதற்காக நாம் காத்திருக்க முடியாது. திரும்பும் வழியில் மெரினாவில் இறங்கி உழைப்பாளர் சிலையைக் காட்டுங்கள். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959-ல் திறந்தது. நான்கு பேர் பாறையைப் பெயர்க்கிறார்கள். எந்தத் தோள், எந்தக் கால், நெம்புகிற கழியின் தாங்குபுள்ளி எங்கே என்று பிள்ளைகள் படம் வரையட்டும். ஓவிய ஆசிரியர் இருக்கும் பள்ளி என்றால் அவரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் கஷ்டம் தெரியாமல் எழுதவில்லை. காலையில் வந்ததும் எமிஸ்ஸில் வருகைப்பதிவு, மதியம் ஏதாவது ஒரு புள்ளிவிவரம், நடுவில் பயிற்சிக் கூட்டம், மாதத் தேர்வு. ஒரு நாள் போனால் போர்ஷன் பின்னால் போய்விடும். நாற்பது பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி இறக்குவது எவ்வளவு பெரிய காரியம் என்று கல்யாணத்துக்கு வேன் பிடித்த யாருக்கும் தெரியும். ஆகவே புதிதாக ஒரு சுமையை உங்கள் தலையில் ஏற்றச் சொல்லவில்லை. எப்படியும் போகப்போகிற அந்த ஒரு நாளை இங்கே செலவிடுங்கள், ‘நான் கண்ட காட்சி’ கட்டுரையும் கோடிட்ட இடம் நிரப்பும் தாளும் கொடுக்காமல் இருங்கள் என்பது மட்டும்தான். தாளைக் கையில் கொடுத்தால் பிள்ளை பலகையைத்தான் படிக்கும், எஞ்சினைப் பார்க்காது. பலகையில் இருக்கும் வருஷத்தைக் காப்பியடித்துவிட்டு ஐஸ்கிரீம் வண்டியைத் தேடப் போய்விடும்.

ஒவ்வொரு குழுவும் ஒரே ஒரு வண்டியின் பக்கத்தில் அரை மணி உட்காரட்டும். தொடட்டும், அளக்கட்டும், அடியில் குனிந்து பார்க்கட்டும். அதிலிருந்து ஒரு கேள்வியோடு வரட்டும். அடுத்த வாரம் முழுக்க அந்தக் கேள்வி உங்கள் நான்கு பேரின் பீரியடிலும் சுற்றட்டும். பதில் தெரியவில்லை என்றால், தெரியவில்லை, தேடுவோம் என்று சொல்லுங்கள். பிள்ளைகள் அதற்காக உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்கள். அயனாவரம், பெரம்பூர், வில்லிவாக்கத்தில் ஐ.சி.எஃப். ஓய்வூதியர் இல்லாத தெருவே கிடையாது. ஒருவரை வகுப்புக்கு வரச் சொல்லி ஒரு நாற்காலி போட்டுக் கொடுங்கள். பெட்டியின் கூரைக்கு வெல்டிங் அடித்தவரின் பேச்சை எந்தப் பாடநூலும் தராது.

செலவைப் பற்றி: சில பெற்றோர் பேசிவைத்திருக்கிறோம். பேருந்துக்கு ஆகும் தொகையில் ஒரு பங்கு எங்களுடையது. கட்ட முடியாத பிள்ளை யார் என்று வகுப்பில் பெயர் வாசிக்க வேண்டாம், எங்களிடம் தனியாகச் சொல்லுங்கள். உடன்வர நாலைந்து அம்மாக்கள் தயார். அனுமதி கேட்டு அருங்காட்சியகத்துக்கு எழுதும் விண்ணப்பத்தைப் பிள்ளைகளே எழுதட்டும், தலைமையாசிரியர் கையெழுத்து மட்டும் போட்டால் போதும். வெயில் ஏறுவதற்குள், ஜனவரியில் ஒரு நாளைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ராயப்பேட்டையிலிருந்து ஓர் ஏழாம் வகுப்பு மாணவியின் தாய்

பி.கு.: டேப்பை நாங்கள் கொண்டுவருகிறோம், மூன்று மீட்டர் டேப்.